ஞாயிற்றுக்கிழமை ஓடாத பெட்டி

நம் உறவில் வயதொத்தவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இப்போதெல்லாம் சர்க்கரையில் வந்து நிற்கிறது. யாருக்கு எவ்வளவு, யார் எந்த மாத்திரை, யார் விடியற்காலையில் நடக்கிறார், யார் நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: “யாருக்கும் தெரியாமல் தின்றிருப்பாள்.” தாயைப் பற்றியும் மதினியைப் பற்றியும் செத்துப்போன அக்காளைப் பற்றியும் இதைச் சொல்கிறீர்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறீர்கள். அண்மையில் ஒரு திருமண வீட்டுப் பந்தியில், பாயசம் பரிமாறும்போது, இதே வாக்கியம் என் சித்தியைக் குறித்து வந்தது. கூடவே என் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைப் பெட்டியும் வேடிக்கைக் கதையாக வந்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். “பழைய கதைதானே, விடு” என்றீர்கள்.

விடமாட்டேன். அந்தப் பெட்டி வந்த கோடைக்காலம் முழுவதும் சிறுமியாக அந்த வீட்டில் இருந்தவள் நான். நீங்கள் வேடிக்கையாகக் கேட்டதை நான் கண்ணால் கண்டேன். முறையாகச் சொல்கிறேன்; கேளுங்கள்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பெருஞ்சாலையை விட்டு உள்ளே ஒதுங்கி, ஒரு ரப்பர் மர விளையின் ஓரத்தில் இருந்தது. அப்பா நெய்யாற்றின்கரையில் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா; எங்கள் தேவாலயச் சபைக் குழுவில் உறுப்பினர். சித்தி என் அம்மாவின் தங்கை. பெற்றோர் இறந்தபின் எங்களோடு வந்து இருந்தாள். பள்ளியில் படிக்கும்போதே அவளுக்குச் சர்க்கரை நோய் கண்டுவிட்டது. நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். கண்ணாடி ஊசியைச் சிறிய எஃகுப் பெட்டியில் இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் தன் தொடையில் தானே போட்டுக்கொள்வாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. “பாத்தா என்ன மக்கா, எனக்க காலாக்கும், ஒனக்கு வலிக்காது” என்பாள்.

காலையில் பின்கட்டில் சோதனை நடக்கும். நீல நிற மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, தன் சிறுநீரில் சில துளிகள் விட்டு, ஸ்பிரிட் விளக்கின் தீயில் பிடிப்பாள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். சிறிது இருந்தால் பச்சை, மேலும் இருந்தால் மஞ்சள், மிகுந்தால் செங்கல் நிறம். ஸ்பிரிட்டின் இனிய நெடியும், குழாயில் குமிழி துள்ளும் ஓசையும், நிறம் மாறுமா என்று நாங்கள் இருவரும் மூச்சடக்கி நின்றதும் இப்போதும் எனக்குள் அப்படியே இருக்கின்றன.

அந்த ஆண்டு வளைகுடாவில் வேலையிலிருந்த மாமா, அம்மாவின் அண்ணன், தங்கையின் மருந்துக்கென்று ஒரு குளிர்ப்பெட்டி வாங்கித் தந்தார். எங்கள் பக்கத்தில் அதைப் பிரிட்ஜ் என்றுதான் சொல்வார்கள். இளம்பச்சை நிறம், வட்டமான தோள்கள், பூட்டும் சாவியும் உள்ள ஒற்றைக் கதவு. சமையலறையில் வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. முன்னறையில் நாற்காலிகளுக்கு நடுவே நிறுத்தி, மேலே பூத்தையல் துணி விரித்து, பக்கத்தில் முள் ஆடும் ஸ்டெபிலைசரை வைத்தார். வந்தவர்களெல்லாம் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள். பெட்டி வந்தது சித்திக்காக. சாவி போனது அப்பாவின் இடுப்புக்கு.

அதுவரை சித்தியின் மருந்துக் குப்பிகள் ஈரமணல் நிரப்பிய ஒரு மண்பானைக்குள் இருந்தன. குழாயில் நீலமும், எப்போதாவது பச்சையும்தான் கண்டிருந்தோம். பெட்டி வந்ததும் பானையைக் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டார்கள்.

இனி அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அன்று துணி துவைப்பதில்லை, கடைக்குப் போவதில்லை, தையல் ஊசியைத் தொடுவதில்லை. மரச்சீனிக் கிழங்கு அவிப்பதும் சாளை மீன் கறி வைப்பதும் சனிக்கிழமையே முடிந்துவிடும். உழவு மாட்டுக்கும் அன்று நுகம் கிடையாது. பெட்டி வந்த முதல் சனிக்கிழமை அந்தியில் அப்பா அதன் முன்னால் வந்து நின்று, அதன் உறுமலைச் சிறிது நேரம் கேட்டார்.

“மாட்டுக்கு ஒரு நாள் உண்டு, கூலிக்காரனுக்கு ஒரு நாள் உண்டு. இது மட்டும் என்ன பாவம் செய்யிச்சு?”

அவர் கேலி பேசவில்லை. கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். பெட்டி ஒரு முறை குலுங்கி அடங்கியது.

அம்மா கேட்டாள்: “உள்ள இருக்கியது கெட்டுப் போவாதா?”

“தொறந்தாத்தானே தணுப்பு வெளிய போவும்? பூட்டிப் போட்டா அது எங்க போவும்?”

சித்தியின் ஞாயிறு ஊசிக்கு வேண்டிய பிரித்த குப்பியை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, தணுப்பு என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் குளிரை உள்ளே வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை விடியும்வரை பெட்டி ஓய்ந்து நின்றது. ஒரு மனிதர் இயந்திரத்தின்மேல் இரக்கம் கொண்டதை இன்றும் நான் பழிக்கவில்லை. அந்த இரக்கம் அதே கூரையின்கீழ் இருந்த இரண்டு பெண்களை எட்டவில்லை. என் வழக்கு அது மட்டுமே.

திங்கட்கிழமைக்கென்று ஒரு சடங்கும் உருவாயிற்று. அப்பா பெட்டியைத் திறப்பார். உள்ளிருந்து வெதுவெதுப்பான ஒரு மூச்சு வரும். புளித்த பாலும் பழைய மீனும் நனைந்த இரும்பும் கலந்த நாற்றம். அடியில் தேங்கிய தண்ணீரை அம்மா துணியால் ஒற்றி எடுப்பாள். அப்பா சுவிட்சைப் போட்டு, குளிர் கூட்டும் திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்புவார். பிறகு சித்தியின் மருந்துக் குப்பிகளை, பிரித்ததும் பிரிக்காததுமாக எல்லாவற்றையும், மேலே ஐஸ் பிடிக்கும் அறைக்குள் அடுக்குவார். “ஒரு நாள் தணுப்பு போனத ஈடு கெட்டணும்” என்பார். மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவற்றை எடுத்து, மேலே பூத்த பனியை வேட்டி நுனியால் துடைத்து, கீழ்த்தட்டில் வைப்பார். அத்தனை பரிவோடு செய்வார். அதைப் பார்த்த எவரும் அவரைப் பொறுப்புள்ள மனிதர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சொன்னார்கள்.

சித்தியின் குழாய் செங்கல் நிறமாயிற்று.

முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை. பிறகு அந்த வாரம் முழுவதும். புதுக் குப்பி வாங்கிய அன்று நிறம் பச்சைக்குத் திரும்பும். அடுத்த திங்கள் கழிந்தால் மறுபடி செங்கல். சித்தி மெலிந்தாள். ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். கோடை விடுமுறை முடிந்ததும் காட்டாக்கடையில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அவள் சேர வேண்டும். பெண்கள் விடுதியில் இடமும் பேசியாயிற்று. அவள் வாழ்நாளில் தானாகத் தேடிப் பிடித்த முதல் பொருள் அந்த வேலை.

அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். சர்க்கரை ஏறுவது ஞாயிறு கழிந்த பிறகு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் சபையார் வீடுகளில் பலகாரம் உண்டு. ஆகவே சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் திருட்டுத்தனமாகத் தின்கிறாள். குமாஸ்தா அல்லவா, சாட்சிகளை வரிசையாக அடுக்கினார்.

“ஒனக்கு நாக்க அடக்க முடியேல்ல. ஒரு மாசம் முழுக்க நீலமா இருக்கட்டு, பெறவு காட்டாக்கட போவலாம்.”

“நான் தின்னேல்ல அத்தான்.”

“பின்ன சர்க்கர ஆகாசத்துல இருந்தா வந்துது?”

அம்மா வெல்லத்தில் கிண்டிய பலாப்பழ வரட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்று சித்தி பார்த்த பார்வையில் அம்மா சாவியை அவசரமாக முந்தானையில் முடிந்தாள். “எனக்கென்னட்டி தெரியும்? அவியளுக்கு மனசு சமாதானமாவட்டு” என்று முணுமுணுத்தாள்.

அம்மாவும் குற்றவாளிதான். திங்கட்கிழமைப் பாலும் மீனும் கெட்டதற்கு அவள் பொறுப்பு. சூடான பாத்திரத்தை உள்ளே வைத்தாய், கதவை அடிக்கடி திறந்தாய், அதிகம் திணித்தாய் என்று நாளுக்கொரு குற்றம். பெட்டி கெட்டால் அம்மா, இரத்தம் கெட்டால் சித்தி. ஆறு நாள் ஓடி ஒரு நாள் நிற்கும் சுவிட்சின்மேல் மட்டும் யாருக்கும் ஐயம் எழவில்லை. அது இயந்திரத்தின் பகுதியாக யாருக்கும் தோன்றவில்லை. அது பக்தியின் பகுதி.

ஒருநாள் நெய்யாற்றின்கரையிலிருந்து மெக்கானிக் வந்தார். மலையாளமும் தமிழும் ஒரே மூச்சில் பேசும், வாசனை எண்ணெய் பூசிய மனிதர். பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்னால் இருந்த கம்பி வலையில் அப்பியிருந்த தூசியைத் தூரிகையால் தட்டினார். செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து, கதவின் நாலு மூலையிலும் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். தாள் இறுகி நின்றது. ஸ்டெபிலைசரின் முள்ளைத் தட்டினார். கம்ப்ரசரின்மேல் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

“இதுக்கு ஒரு கேடும் இல்ல கேட்டோ. டோர் கொள்ளாம், நல்ல இறுக்கமாக்கும், கேஸ் உண்டு. எப்பளாக்கும் தணுப்பு கொறயுது?”

“திங்களாழ்ச்ச” என்றாள் அம்மா.

“எல்லா திங்களாழ்ச்சயுமா? அதென்ன சேச்சி, மிஷினு கலண்டர் நோக்குமா?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்ததும் நிறுத்தினேன்.

“கரண்ட் போவுமா இங்க?”

“கரண்ட் போறது கொறவாக்கும்” என்றார் அப்பா. அது பொய்யன்று. கரண்ட் போகவில்லை, அவர் நிறுத்தினார். நிறுத்துவீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா ஸ்டெபிலைசரையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சாயா போட உள்ளே போய்விட்டாள். வைத்தியர்முன் நோயின் காரணத்தை மறைத்துவிட்டு மருந்து கேட்கும் மனிதர்களைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்தேன். முதலில் பார்த்தது அன்றைக்கு. மெக்கானிக் சாயா குடித்து முடித்தார். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, கதவு ரப்பருக்குப் பவுடர் பூசிவிட்டுப் போனார்.

அடுத்து அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். சித்தியை அழைத்துப் போகவில்லை. இப்படி இப்படி, வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு, டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். கையோடு ஒரு புதுக் குப்பியும் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அந்தக் குப்பி இன்னும் ஒரு திங்கட்கிழமையையும் காணவில்லை. மருந்து மருந்தாகவே இருந்தது.

சனிக்கிழமை நடுப்பகலில், கூட்டிய அளவு போட்ட சித்தி, நெல்லிக்காய் கழுவிக்கொண்டிருந்தவள், கையை உதறினாள். விரல்கள் நடுங்கின. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. “அக்கா, கண்ணு இருட்டுது” என்று தரையில் அமர்ந்தாள். சர்க்கரை மட்டுக்கு மீறி இறங்கினால் உடனே இனிப்பு தர வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து கரண்டி நிறையச் சர்க்கரை அள்ளி, தங்கையின் வாயில் போட்டாள். உதட்டிலும் மோவாயிலும் வெள்ளையாக ஒட்டியது.

அப்பா அந்தக் கணத்தில் உள்ளே நுழைந்தார்.

என்ன நடந்ததென்று அம்மா சொன்னாள். நானும் சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. அவர் பல வாரமாகத் தேடிய சாட்சி அவர் முன்னால் வாயெல்லாம் சர்க்கரையோடு உட்கார்ந்திருந்தது.

“கண்ணால கண்டாச்சு” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வியாழக்கிழமை வீட்டு ஜெபம் எங்கள் முறை. சபையார் முன்னறை நிறைய வந்திருந்தார்கள்; பெட்டிக்கு இருபுறமும் பாய் விரித்திருந்தோம். எங்கள் வீட்டுத் தமிழ் ஒன்று, கடைத்தெரு மலையாளம் ஒன்று. ஜெபத்துக்கு அப்பா எடுத்து உடுத்தும் தமிழ் வேறு. சலவை மடிப்புக் கலையாத தமிழ். அந்தத் தமிழில், எல்லாரும் கண்ணை மூடியிருக்கையில், அவர் சொன்னார்: “நாவின் இச்சைக்கு அடிமையாகி, சரீரமாகிய ஆலயத்தைக் கெடுத்துக்கொள்ளும் எங்கள் வீட்டுச் சகோதரியை மீட்டருளும்.”

எல்லாரும் ஆமென் என்றார்கள். இதைக் கவனியுங்கள். தெருவில் சொன்னால் வம்பு; வாதாடி மறுத்துப் பேசலாம். ஜெபத்தில் சொன்னால் யாரும் குறுக்கே பேச முடியாது. கண்ணைத் திறந்தபோது, ஒவ்வொரு முகத்திலும் ஒரு புதுச் செய்தியைச் சுமந்த கனிவு இருந்தது. திருப்புறத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் சித்தியின் கன்னத்தைத் தடவி, “எனக்க மகளும் இப்பிடித்தான், எள்ளுருண்டையில கையி போவும்” என்றாள். திருமணப் பந்தியில் நீங்கள் சொன்ன வாக்கியம் அன்று பிறந்தது. அது பிறந்த இடத்தில் நான் இருந்தேன்.

அன்று இரவு சித்தி சாப்பிட்டாள். வழக்கத்தைவிட நிதானமாகச் சாப்பிட்டுக் கையைக் கழுவினாள். நான் அழுததைப் பார்த்து, “கண்ணீருக்கு இப்ப நேரமில்ல மக்கா. எங்கயோ ஒரு கேடு உண்டு. அது எனக்க நாக்குல இல்ல. கண்டுபிடிக்கணும்” என்றாள்.

கண்டுபிடித்தது அவள்தான். ஒரு திங்கட்கிழமை மாலை, அன்று காலை மருந்தோடு ஐஸ் அறையில் வைத்து அப்பா இறக்கிய புதுப் பால் சமையலறையில் உருகிக்கொண்டிருந்தது. பால் பாலாகத் திரும்பவில்லை. மேலே நீர் தெளிந்து நிற்க, அடியில் குறுணை குறுணையாகத் திரிந்து கிடந்தது. சித்தி அதைக் கரண்டியால் கிளறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சட்டென்று முன்னறைக்குப் போய்த் தன் மருந்துக் குப்பியை எடுத்து வந்தாள். அந்த மருந்து இயல்பாகவே பால்போல வெண்மையானது. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் ஒரே சீராகக் கலங்க வேண்டும். உருட்டினாள். கலங்கவில்லை. வெள்ளைத் துகள்கள் தனித்தனியே மிதந்து, கண்ணாடிச் சுவரில் பனிபோல ஒட்டின.

“இவ்வளவு நாளும் இதப் பாத்துட்டுத்தான் இருந்தேன்” என்றாள் மெதுவாக. “பழசாயிட்டு போலன்னு நெனச்சேன்.”

மறுநாள் பாறசாலைச் சந்தையில் ஒரு புதுப் பானை வாங்கினாள். கூடவே ஒரு புது மருந்துக் குப்பி. பானையில் மணல் நிரப்பி, நீர் தெளித்து, தன் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். டாக்டர் கூட்டிய அளவை விட்டுவிட்டுப் பழைய அளவையே போட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிறு வந்தது, பலகாரப் பழிக்கு இடம் தராதபடி ஆராதனைக்கு வராமல் வீட்டிலேயே இருந்து, அதையும் ஒரு குற்றமாக வாங்கிக்கொண்டாள். திங்கள் வந்தது. ஸ்பிரிட் விளக்கின்மேல் குழாய் கொதித்தது. நீலம். செவ்வாயும் நீலம். அந்த வாரம் முடியும்வரை, இடையில் ஒருமுறை இலேசாகப் பச்சை காட்டியது தவிர, நீலம். அடுத்த வாரமும் அப்படியே. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அவள் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமைக்குக் காத்திருந்தாள்.

அன்று காலை அப்பா பெட்டியைத் திறந்து, திருகைத் திருப்பி, அதில் மிச்சமிருந்த குப்பியை ஐஸ் அறைக்கு உயர்த்தினார். சித்தி அவர் கைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

“அத அங்க வெக்காதேங்க அத்தான்.”

“ஒரு நாள் தணுப்பு...”

“அந்த ஈடு கெட்டல்லதான் எனக்க சீவன் போவுது. இஞ்ச பாருங்க.” பானையிலிருந்து எடுத்து வந்த குப்பியையும் பெட்டிக் குப்பியையும் ஒவ்வொன்றாக உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாள். பானைக் குப்பி சீராக வெண்மையாயிற்று. பெட்டிக் குப்பி துகள் துகளாகப் பிரிந்தது. “இது மருந்து. இது உறைஞ்சு செத்தது. வெறும் வெள்ளம், பச்சத் தண்ணி. இதப் போட்டாலும் ஒண்ணு, போடாட்டாலும் ஒண்ணு.”

“ஆரு சொன்னது?”

“நானாக்கும் சொல்லியது.”

“நீ டாக்டராக்கும்!”

“நோயாளியாக்கும். ஞாயிறாழ்ச்ச நிறுத்தாம இருந்தா திங்களாழ்ச்ச இத உறைய வெக்கவும் வேண்டாம், பாலும் கெடாது, அக்காளும் ஏச்சு வாங்க வேண்டாம்.”

அப்பாவின் முகம் சிவந்தது. “ஓய்வுநாளக் குத்தம் சொல்லுதியா எனக்க வீட்டுல நின்னு?”

“எனக்க ரெத்தத்துக்கு ஞாயிறாழ்ச்ச கெடையாது அத்தான். உங்க நெஞ்சு ஒரு ஞாயிறாழ்ச்ச நின்னு பாக்கட்டு, அப்ப தெரியும்.”

அம்மா சமையலறை வாசலில் நின்றாள்; கையில் இருந்த ஒற்றுத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தரையில் போட்டுவிட்டு, “ஏட்டி, சேலைய மாத்து. ரெண்டு குப்பியையும் எடு. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்” என்றாள். அப்பாவிடம் கேட்கவில்லை. அவர் இருந்த திசையில் பார்க்கவும் இல்லை.

என்னையும் அழைத்துப் போனார்கள். டாக்டர் பெட்டிக் குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து ஒருமுறைதான் பார்த்தார். பக்கத்தில் இருந்த வாளியில் போட்டார். உறைய விடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். “நீங்களும் சொல்லேல்ல” என்றாள் சித்தி. அவர் எழுதுகோலை மூடிவிட்டு, அவள் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். பழைய அளவே போதும் என்றார்.

அப்பா இறங்கி வந்தார். எப்படி வந்தார் என்பதுதான் உங்கள் வேடிக்கைக் கதை. அதையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஓடலாம். ஆனால் மருந்துக்காக மட்டும். ஆகவே சனிக்கிழமை அந்தியில் பாலும் மீனும் காய்கறியும் தண்ணீர்ப் புட்டிகளும் வெளியேற்றப்பட்டன. அத்தனை பெரிய பெட்டி, ஞாயிறு முழுவதும், கட்டைவிரல் உயரமுள்ள ஒரு குப்பிக்காகத் தனியே உறுமிக்கொண்டிருந்தது. சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் குப்பியையும் சித்தி அதில் வைக்கவில்லை. அவள் மருந்து பானையில் இருந்தது. பெட்டிக்குள் இருந்தது, அப்பாவின் மன ஆறுதலுக்காக அம்மா வைத்த வெற்றுக் குப்பி.

காட்டாக்கடைக்குப் போக அவர் தடை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சித்தி விடவில்லை.

“அண்ணைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னத மாத்திச் சொல்லணும் அத்தான்.”

“ஜெபம் ஆண்டவர்கிட்ட செய்யியது. அதுக்கு ஒனக்கு நான் என்ன கணக்குச் சொல்ல?”

“அப்பிடியா?” என்றாள் சித்தி. “செரி. நானும் அவர்கிட்டயே சொல்லிக்கிடுதேன்.”

அடுத்த வியாழக்கிழமை ஜெபம் அதியன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில். முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தவர்களே அங்கும் வந்திருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் பெண்கள் பாட்டு எடுத்துக் கொடுப்பார்கள், ஜெபிப்பது ஆண்கள். அப்பா முடித்ததும் வழக்கம்போல ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் சித்தி எழுந்து நின்றாள். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை; அவளும் மூடவில்லை.

அப்பாவின் அதே தமிழில், அதே மடிப்புக் கலையாமல், அவள் சொன்னாள்:

“பரம பிதாவே, நாவின் இச்சைக்கு அடிமை என்று உமது சமுகத்தில் சொல்லப்பட்ட அடியாள் நான். நான் தின்னவில்லை. அது உமக்குத் தெரியும். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. உறைந்து கெட்டுப்போன மருந்தை என் உடம்பில் ஏற்றினேன். அதை உறைய வைத்த கை அறியாமல் செய்தது. அந்தக் கையை நீர் மன்னியும். நான் மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆகும். ஓய்வுநாளிலும் எங்கள் இரத்தத்தை நிறுத்தாமல் ஓட்டுகிறவரே, வருகிற திங்கட்கிழமை நான் காட்டாக்கடைக்குப் போகிறேன். என் பெயரை இங்கே விட்டுவிட்டுப் போக மாட்டேன். நான் குற்றமற்றவள் என்பதற்கு இங்கே உள்ள எல்லாரும் ஆமென் சொல்லும்படி வேண்டிக்கொள்கிறேன்.”

யாரும் சொல்லவில்லை. மூடிய இமைகளுக்குள் விழிகள் உருள்வதை நான் பார்த்தேன்.

“ஆமென்” என்றாள் அம்மா. பிள்ளையைத் தெருவிலிருந்து கூப்பிடும் உரத்த குரல். அடுத்து என் குரல். பிறகு திருப்புறத்து அம்மாள். பிறகு வரிசையாக, பாயின் ஓரம்வரை. வந்து வந்து அப்பாவிடம் நின்றது.

ஜெபித்தவர் உட்காராமல் மற்றவர் கண்ணைத் திறக்கக் கூடாது என்பது வழக்கம். சித்தி உட்காரவில்லை. கைகளைக் கோத்தபடி, அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போயிற்று. யாரோ இருமினார்கள். வீட்டுக்காரம்மாள் அடுப்பில் வைத்திருந்த சாயா பொங்கி வழியும் மணம் வந்தது, அவளும் எழவில்லை.

பிறகு அப்பா “ஆமென்” என்றார். தாழ்ந்த குரல், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

சித்தி உட்கார்ந்தாள்.